டவாலி மூன்று முறை கூப்பிட்டார்

என் கொழுந்தன் பெயர் சமாதானம்.
சிரிக்காதீர்கள்.
மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
பெரிய வேலைநிறுத்தம் முடிந்த அன்று பிள்ளை பிறந்ததால்
ஞானஸ்நான ரிஜிஸ்டரில்
அப்படியே எழுதச் சொல்லிவிட்டார்.

பாரிமுனை சிவில் கோர்ட்டு வராந்தாவில்
டவாலி நின்று கூப்பிட்டார்:
சமாதானம்
சமாதானம்
சமாதானம்.
வெற்றிலைக் கறையோடு ஒரு தூண் நின்றது.
சமோசா விற்கிற பையன் திரும்பிப் பார்த்தான்.
யாரும் வரவில்லை.
எக்ஸ்பார்ட்டி, ஜெயித்துட்டோம்மா
என்றார் என் வக்கீல்.

ஜெயித்தேன்.
தண்டையார்பேட்டையில் இருநூற்று நாற்பது சதுர அடி,
மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி உட்பட.
என் புருஷன் கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டு
வீட்டை அடமானம் வைத்தவன் அவன்.
அதைப் பதினோரு வருஷம் சொன்னேன்.
மீன் வாங்கும்போது சொன்னேன்.
பெண்கள் ஜெபக்கூட்டத்தில்
கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்,
ஆண்டவருக்குத் தெரியாதது போல.

சொல்லாதது ஒன்று.
மாமியார் உயிர் போன இரவு,
சவப்பெட்டி வருவதற்கு முன்னால்,
நான்கு வளையலைக் கழற்றி
கோதுமை டின்னுக்குள் அமுக்கினேன்.
நிமிர்ந்தால் கதவோரம் சமாதானம்,
கையில் ஐஸ் கட்டி சுற்றிய சாக்கு.
பார்த்தான்.
ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
ஒன்றும் கேட்காமல் உள்ளே போனான்.

கோர்ட்டுக்கு வந்திருந்தால்
அவன் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.
இது எனக்கு உறைக்கப் பதினோரு வருஷமும்
ஒரு முழங்கால் ஆபரேஷனும் ஆனது.
படுத்துக் கிடந்தால் கணக்கு தானாக வரும்.

கள்ளக் கையெழுத்துக்குப் பயந்தும்
வராமல் இருந்திருக்கலாம்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.
தெரியாது.

ஆயர் இரண்டு வார்த்தையையும்
ஒரே மூச்சில் சொல்லுவார்,
கிருபையும் சமாதானமும்,
இட்லியும் சட்னியும் மாதிரி.
நான் எப்போதும் இரண்டாவதற்குத்தான் கை நீட்டினேன்.
முதலாவது வேறு யாருக்கோ,
குடித்துத் திருந்தினவர்களுக்கு,
சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர்களுக்கு.
தினம் ரயிலில் போய் வந்தவள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்:
பீச்சில் ஏறினால்
வண்ணாரப்பேட்டையைத் தாண்டாமல்
தண்டையார்பேட்டை வராது.

போன மாதம் நற்கருணை ஞாயிறு.
முன் பெஞ்சில் ஒரு வழுக்கை.
பின்னங்கழுத்துத் தழும்பு அடையாளம் சொன்னது.
ஆயரிடமிருந்து பெஞ்சு பெஞ்சாக,
கூப்பிய கையைக் கை பொத்தி,
கைமாறி வந்துகொண்டிருந்தது சமாதானம்.
அவன் திரும்பினான்.
அண்ணி என்றான்.
பைக்குள் கண்ணாடியைத் தேடினேன்,
கண்ணாடி மூக்கில் இருந்தது.
கையைக் கொடுத்தேன்.
கையை மட்டும். நான் வரவில்லை.
அவன் உள்ளங்கை சில்லென்று இருந்தது,
அந்தச் சாக்கைப் பிடித்த இரவு போல.
இல்லை, ஏ.சி.க்கு அடியில் உட்கார்ந்திருந்தான்,
அவ்வளவுதான்.

ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன்.
அப்பம் வழக்கம் போல
மேலண்ணத்தில் ஒட்டியது.

செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடை வரிசை.
பாமாயில் வரவில்லை என்று
எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது
எனக்குக் கத்தத் தோன்றவில்லை.
பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன்.
உள்ளே யாரோ
நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து டின்னைக் கவிழ்த்தேன்.
எத்தனை மாதக் கோதுமை மாறியிருக்கும்,
வளையல் நான்கும் அப்படியே.

அவன் நம்பர் பழைய காலண்டர் அட்டையில் இருக்கிறது,
கடைசி இரண்டு எண் அழிந்துபோய்.
மாடிப்படியில் நின்று
நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்
அவன் பெயரை.
சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல.
கீழ்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து,
யாரைக் கூப்பிடுறீங்க என்றாள்.